வாணலியின் சரிவும் ஆழமும்

யுரேனஸ் கோளின் மேகப் பரப்பில் நின்று எடை பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். பூமியில் 60 கிலோ காட்டுகிற எடைக் கருவி அங்கே 54 கிலோ அளவுக்குத்தான் காட்டும். பூமியை விட யுரேனஸ் நம்மைக் கொஞ்சம் தளர்வாகவே பிடித்திருக்கிறது. அப்படியானால் அங்கிருந்து கிளம்பி வெளியேறுவதும் சுலபமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. பூமியை விட்டு ஒரேயடியாக விலகிப் போக நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் போதும். யுரேனஸை விட்டு விலக 21.3 கிலோமீட்டர் வேகம் வேண்டும்.

இழுப்பு குறைவு, தப்பிப்பது கடினம். இது எப்படி?

ஈர்ப்பைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்த இடத்தில் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது ஒன்று. இங்கிருந்து வெளியே ஏறிப் போக மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பது மற்றது. முதல் கேள்விக்கு 9.8 என்ற விடையைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். இரண்டாவது கேள்வி நம்மில் பலர் காதில் விழுவதே இல்லை. கடல் எங்கே நிற்க வேண்டும், கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், விண்கலத்துக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது விடைதான் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நல்ல வழி சமையலறையிலேயே இருக்கிறது. அடி உருண்ட ஓர் இரும்பு வாணலியும் ஒரு காய்ந்த பட்டாணியும் போதும்.

வாணலியைத் தயார் செய்வோம்

சாதாரண வாணலியின் விளிம்பு வெடுக்கென்று முடிந்துவிடும். நமக்கு வேண்டியது கற்பனையில் கொஞ்சம் தட்டி நீட்டிய வாணலி. அடி உருண்டையாகக் குழிந்திருக்கிறது. பக்கச் சுவர் ஏறுகிறது. மேலே போகப் போகச் சுவர் வெளிப்பக்கமாக விரிந்து, சரிவு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் சமையல் மேடையோடு எங்கே சேர்ந்தது என்றே தெரியாதபடி கலந்துவிடுகிறது. மேடைதான் எந்த ஈர்ப்பும் இல்லாத வெட்டவெளி. வாணலியின் நடு அடி பூமியின் மையம். சுவர் மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்துக்கு அருகில் ஒரு வட்டக் கோடு போடுங்கள். நாம் வாழும் தரை அதுதான்.

இப்போது பட்டாணியைச் சுவரில் ஏதாவது ஓரிடத்தில் வைத்து விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விரலில் ஓர் அழுத்தம் தெரியும். அந்த அழுத்தம் எதைப் பொறுத்தது? பட்டாணி இருக்கும் இடத்தில் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும். வாணலி எவ்வளவு பெரியது, அடி எவ்வளவு கீழே இருக்கிறது என்பதெல்லாம் விரலுக்குத் தெரியாது. இந்தச் சரிவுதான் ஈர்ப்பின் வலிமை. நாம் எடை என்று உணர்வது இதைத்தான். மரத்திலிருந்து விழும் தேங்காயின் வேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூட்டுவதும் இதுவே.

அடுத்து, அதே பட்டாணியை மேடை வரை தூக்கிக் கொண்டுவர எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று கேளுங்கள். இப்போது சுவர் அந்த ஓர் இடத்தில் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு மதிப்பில்லை. மேடைக்கும் பட்டாணிக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசம் முழுவதுமே கணக்கு. நேராகத் தூக்கினாலும் சுற்றி உருட்டிக் கொண்டுவந்தாலும் செலவு ஒன்றுதான். ஒரு கிலோ பொருளுக்கு இவ்வளவு ஜூல் என்று கணக்கிடும் இந்த ஆழத்துக்கு ஈர்ப்பழுத்தம் என்று பெயர். மேடையைச் சுழியம் என்று வைத்துக்கொள்வதால் வாணலிக்குள் உள்ள எல்லா இடங்களின் ஈர்ப்பழுத்தமும் சுழியத்துக்குக் கீழே இருக்கும். அதனால்தான் புத்தகத்தில் அதன் முன்னால் கழித்தல் குறி நிற்கிறது. மாணவர்களைப் பயமுறுத்தும் அந்தக் குறிக்கு, ‘மேடைக்குக் கீழே’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

சரிவும் ஆழமும் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை. ஒரு மீட்டர் நகர்ந்தால் ஆழம் எவ்வளவு மாறுகிறது என்பதே சரிவு. நம் தரையில் ஒரு கிலோவை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 ஜூல் ஆகிறது. ஆழம் மீட்டருக்கு 9.8 ஜூல் வீதம் மாறுவதால்தான் இழுப்பும் 9.8 ஆக இருக்கிறது. ஆனால் ஓரிடத்துச் சரிவை மட்டும் அளந்துவிட்டு ஆழத்தைச் சொல்ல முடியாது. யுரேனஸ் விஷயத்தில் நம்மை ஏமாற்றியது இதுதான்.

17 யூனிட்

பூமியின் வாணலியில் நாம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம்? இதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. பரப்பில் உள்ள இழுப்பைக் கோளின் ஆரத்தால் பெருக்கினால் ஆழம் வந்துவிடும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். 9.8-ஐ 63.71 லட்சம் மீட்டரால் பெருக்கினால் ஒரு கிலோவுக்குச் சுமார் 6.25 கோடி ஜூல். வேறு விதமாகச் சொன்னால், தரையில் இருக்கும் இதே சரிவு குறையாமல் ஒரு பூமி ஆரத்தின் உயரம் வரை நீடித்திருந்தால் எவ்வளவு செலவாகுமோ, உண்மையில் முடிவில்லாத் தொலைவு வரை ஏறிப் போகவும் அவ்வளவுதான் செலவு. மேலே போகப் போகச் சரிவு அத்தனை விரைவாகத் தணிந்துவிடுகிறது. பூமி மையத்திலிருந்து தொலைவு இரண்டு மடங்கானால் சரிவு நான்கில் ஒன்றாகும். எஞ்சியிருக்கும் ஏற்றம் பாதியாகும். நிலா இருக்கும் தொலைவான 3,84,400 கிலோமீட்டரை எட்டும்போது பூமியின் மொத்த ஏற்றத்தில் 98 சதவீதம் முடிந்திருக்கும்.

6.25 கோடி ஜூல் என்பது மலைக்க வைக்கும் எண்ணாகத் தெரியலாம். வீட்டு மின்கணக்கில் அது 17 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு எரிவாயுவை எரித்தால் கிடைக்கும் வெப்பம். ஒரு கிலோ அரிசியைப் பூமியின் பிடியிலிருந்து முற்றாக வெளியே கொண்டுபோக இயற்கை கேட்கும் விலை இவ்வளவுதான் என்பதை முதன்முறை கணக்குப் போட்டுப் பார்ப்பவர் யாரும் நம்ப மாட்டார். பிறகு ஏன் ராக்கெட் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? ராக்கெட் தன் எரிபொருளையும், அதை எரிப்பதற்கான ஆக்சிஜனையும் தானே சுமந்து ஏற வேண்டியிருக்கிறது. ஏறுவதற்கான எரிபொருளைத் தூக்க எரிபொருள், அதைத் தூக்க இன்னும் எரிபொருள் என்று பெருகுகிறது. 3,900 கிலோ எடையுள்ள சந்திரயான்-3 கலத்தை அனுப்ப 640 டன் எடையுள்ள எல்விஎம்-3 ராக்கெட் தேவைப்பட்டது இதனால்தான்.

விடுபடு வேகம் என்பதும் இந்த ஆழத்தின் இன்னொரு முகம். வாணலிச் சுவரில் இருக்கும் பட்டாணியை ஒரே சுண்டில் மேடைக்கு அனுப்ப எவ்வளவு வேகமாகச் சுண்ட வேண்டும்? ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காக வேண்டும். இப்போது யுரேனஸுக்கு வருவோம். அதன் சரிவு பூமியினுடையதில் பத்தில் ஒன்பது பங்கு. ஆனால் அதன் ஆரம் பூமியின் ஆரத்தைப் போல நான்கு மடங்கு. சரிவை ஆரத்தால் பெருக்கினால் ஆழம் பூமியைப் போல 3.6 மடங்கு. வீட்டு வாணலிக்குப் பக்கத்தில் கல்யாண வீட்டுக் கடாயை வைத்தது போல. சுவரின் சாய்வு ஏறத்தாழ ஒன்றுதான், ஏறி முடிக்க வேண்டிய உயரம்தான் வேறு.

இதே கணக்கு நிலாவைப் பற்றிய ஒரு பழகிப்போன எண்ணத்தையும் திருத்துகிறது. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்று எல்லோருக்கும் தெரியும். சரிவு ஆறில் ஒன்று என்பது சரி. ஆனால் நிலாவின் ஆரமும் பூமியின் ஆரத்தில் கால் பங்கைவிடச் சற்றுதான் அதிகம். எனவே ஆழம் 22-இல் ஒரு பங்குதான். நிலாவில் ஒருவர் எவ்வளவு உயரம் குதிப்பார் என்று கேட்டால் ஆறு என்ற எண் உதவும். நிலாவிலிருந்து கிளம்ப எவ்வளவு பெரிய கலம் வேண்டும் என்று கேட்டால் 22-தான் பேச வேண்டும். 1969-இல் ஆம்ஸ்ட்ராங்கையும் ஆல்ட்ரினையும் நிலாத் தரையிலிருந்து நிலாச் சுற்றுப்பாதைக்கு ஏற்றிய கலத்தின் மேற்பகுதி, எரிபொருளோடு சேர்த்து ஐந்து டன்கூட இல்லை. பூமியிலிருந்து அவர்களை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட் 2,900 டன் அளவுக்கு இருந்தது.

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பார்த்துவிட்டு அங்கே ஈர்ப்பே இல்லை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே சரிவு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 89 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஏற்றத்திலும் 6 சதவீதம்தான் முடிந்திருக்கிறது. பட்டாணியை வாணலிச் சுவரில் பக்கவாட்டில் வேகமாக உருட்டிவிட்டால் அது கீழே விழாமல் சுவரைச் சுற்றி ஓடுமே, அதுதான் அங்கே நடக்கிறது. நிலையம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாக ஓடுகிறது. அதை அங்கே கொண்டுசேர்த்த ஆற்றலில் மிகப் பெரும்பங்கு மேலே ஏற்றுவதற்குச் செலவானது அன்று, பக்கவாட்டில் ஓடவைப்பதற்குச் செலவானது.

சந்திரயான்-3 போன பாதையையும் இந்த வாணலியில் வரைந்து பார்க்கலாம். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கலம் முதலில் நீள்வட்டப் பாதை ஒன்றில் விடப்பட்டது. அதன் தாழ்ந்த முனை 170 கிலோமீட்டர் உயரத்திலும் உயர்ந்த முனை 36,500 கிலோமீட்டர் உயரத்திலும் இருந்தன. பட்டாணி சுவரில் கீழே பாய்ந்து, மறுபக்கம் ஏறி, மீண்டும் கீழே வருவதைப் போன்ற ஓட்டம். கலம் தாழ்ந்த முனைக்கு வரும்போதெல்லாம் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கினார்கள். ஆழத்தில் கலம் மிக வேகமாக ஓடுகிறது. வேகமாக ஓடும்போது கொடுக்கும் ஒரு தள்ளல், மெதுவாகப் போகும்போது கொடுக்கும் அதே தள்ளலைவிட அதிக ஆற்றலைச் சேர்க்கும். ஒவ்வொரு தள்ளலுக்கும் மறுமுனை மேலும் மேலும் உயர்ந்தது. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் கலம் நிலாவை நோக்கித் திரும்பியது. ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கியது. சிறிய எஞ்சினைக் கொண்டு பெரிய ஆழத்திலிருந்து ஏறும் இந்தப் பொறுமையான வழியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இழுப்பே இல்லாத ஆழம்

சரிவும் ஆழமும் வேறுவேறு என்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிகச் சிறந்த சான்று நம் காலடியில் இருக்கிறது. பூமியின் மையத்துக்குப் போனால் எடை எவ்வளவு இருக்கும்? வாணலியின் நடு அடியில் பட்டாணியை வைத்துவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். பட்டாணி அசையாது. அங்கே சரிவு சுழியம். சுற்றிலும் உள்ள பாறையும் இரும்பும் எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. அங்கே எடையே இல்லை. ஆனால் மேடைக்கு ஏறிவர வேண்டுமென்றால் பூமியின் வாணலியில் அதைவிடக் கடினமான இடம் வேறு இல்லை. இழுப்பு சுழியமாக இருக்கும் இடத்தில் ஆழம் உச்சம்.

மையத்துக்குப் போகும் வழியில் சரிவு படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும் என்று எதிர்பார்ப்போம். பூமி ஒரே சீரான பொருளால் ஆகியிருந்தால் அப்படித்தான் நடக்கும். பூமியின் உள்ளகம் அடர்த்தி மிக்க இரும்பு. அதனால் மேலே உள்ள பாறைப் பகுதி முழுவதும் சரிவு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. 2,890 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை முடிந்து உருகிய இரும்பு தொடங்கும் எல்லையில், இழுப்பு 10.7 வரை உயர்கிறது. தரையில் இருப்பதை விட அதிகம்! அதற்கும் கீழேதான் அது இறங்கத் தொடங்கி மையத்தில் சுழியமாகிறது.

கடலுக்குத் தெரிந்த மட்டம்

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்கிறோம். எந்தப் பள்ளம்? பூமியின் மையத்துக்கு அருகில் உள்ள இடம் என்று தோன்றும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு இந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. அது வடக்கே மின்னசோட்டாவில் பிறந்து தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. பூமி நடுவில் புடைத்திருப்பதால், ஆறு கடலில் சேரும் இடம் அது பிறக்கும் இடத்தை விட மையத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது. ஆறு மையத்திலிருந்து விலகி விலகி ஓடுகிறது. அது தேடிப் போவது மையத்தை அன்று. ஆழம் மிகுந்த இடத்தை, அதாவது ஈர்ப்பழுத்தம் குறைந்த இடத்தை.

கடலும் அப்படித்தான். நிலநடுக்கோட்டுக் கடல்மட்டம் துருவக் கடல்மட்டத்தைக் காட்டிலும் மையத்திலிருந்து 21 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இருந்தும் கடல் துருவத்தை நோக்கி வழிந்து ஓடுவதில்லை. பூமி சுழல்வதால் வரும் வெளித்தள்ளலையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு இடமும் ஒரே ஆழம். வாணலிச் சுவரில் ஒரே உயரத்தில் வரைந்த வட்டக் கோடு போல அது. அந்தக் கோட்டின் வழியே பட்டாணியை நகர்த்த எந்தச் செலவும் இல்லை. ஆனால் கோட்டின் எல்லா இடத்திலும் சுவரின் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துருவத்தில் இழுப்பு 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. ஒரே கடல்மட்டம்தான், இழுப்பு மட்டும் வேறு. நிற்க வேண்டிய இடத்தைக் கடல் ஆழத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு நமக்கு மிக அருகில் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த ஒரு பகுதியில் கடல்மட்டம், பூமியின் சீரான நீள்கோள வடிவம் சொல்லும் மட்டத்தைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய தாழ்வு இது. 1948-இல் டச்சுப் புவி இயற்பியலாளர் வேனிங் மைனஸ் கப்பலில் போய் ஈர்ப்பை அளந்தபோது இது கண்ணில் பட்டது. வெளியிலிருந்து இந்தப் பகுதிக்குள் கப்பலில் போகிறவர் மட்டம் தாழ்ந்ததை உணரவே மாட்டார். கப்பலின் எஞ்சினுக்கும் தெரியாது. தாழ்ந்தது சீரான நீள்கோள வடிவத்தோடு ஒப்பிட்டு அளக்கும் மட்டம்தான், ஈர்ப்பழுத்தத்தில் அந்தக் கப்பல் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. அங்கே பூமிக்குள் பொருளின் அடர்த்தி கொஞ்சம் குறைவு. சுற்றியுள்ள பகுதிகள் தண்ணீரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. நடுவில் மட்டம் தாழ்கிறது. இதற்கான காரணம் ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து வரும் சூடான, அடர்த்தி குறைந்த பாறைப் பொருள் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் 2023-இல் கணினி மாதிரிகளின் உதவியோடு விளக்கினார்கள். நம் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அதிசயம் நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்திகூடப் பெறாதிருப்பது பெரிய குறை.

கடிகாரம் கவனிக்கும் ஆழம்

ஈர்ப்பு அதிகமான இடத்தில் காலம் மெதுவாகப் போகும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இந்த வாக்கியம் பாதி சரி. எந்த ஈர்ப்பு? சரிவா, ஆழமா? ஐன்ஸ்டைன் 1907-இலேயே பதில் சொல்லிவிட்டார். கடிகாரத்தைத் தாமதிக்க வைப்பது ஆழம். பக்கத்துப் பக்கத்தில் ஒரே சரிவில் இரண்டு கடிகாரங்களை மேலும் கீழுமாக வைத்தாலும் கீழே இருப்பதுதான் மெதுவாக ஓடும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பவுண்ட், க்ளென் ரெப்கா இருவரும் 1959-60-இல் 22.5 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்றில் காமா கதிரை அனுப்பி, மேலுக்கும் கீழுக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசத்தை அளந்தார்கள். பிறகு கடிகாரங்கள் வளர்ந்தன. 2010-இல் அமெரிக்கத் தர நிறுவனத்தில் அலுமினிய அயனிக் கடிகாரங்கள் இரண்டில் ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். மேலே போனது வேகமாக ஓடியது. 79 ஆண்டுகளில் சேரும் வித்தியாசம் ஒரு நொடியின் நூறு கோடியில் 90 பங்குதான், ஆனாலும் அதை அளந்தார்கள். 2022-இல் கொலராடோவில் உள்ள ஆய்வகம் ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்தையே கடிகாரத்தில் கண்டது. நம் தலை நம் பாதத்தை விட வேகமாக மூப்படைகிறது என்பது உறுதியாக அளக்கப்பட்ட உண்மை.

செல்பேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ் முழுவதும் இந்த ஆழக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஏற்றத்தில் 76 சதவீதம் முடிந்த இடம் அது. அதனால் அங்குள்ள கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றை விட நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்துகின்றன. வேகமாக ஓடுவதால் 7 மைக்ரோ நொடி பிந்துகின்றன. மிச்சம் 38 மைக்ரோ நொடி. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடக் கணக்கு பத்து கிலோமீட்டருக்கும் மேல் தவறிப் போகும்.

மையத்தில் எடையே இல்லை என்று பார்த்தோம். கடிகாரத்துக்குச் சரிவுதான் முக்கியம் என்றால் மையத்தில் அது எந்தத் தாமதமும் இல்லாமல் ஓட வேண்டும். ஆழம்தான் முக்கியம் என்பதால் பூமியில் மிக மெதுவாக ஓடும் இடம் அதுவே. 2016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த உக்கர்ஹாய் என்பவரும் நண்பர்களும் இதைக் கணக்கிட்டார்கள். பூமி பிறந்து 450 கோடி ஆண்டுகளில் அதன் மையம் தரையை விட சுமார் இரண்டரை ஆண்டு இளமையாக இருக்கிறது என்பது விடை. புகழ்பெற்ற இயற்பியலாளர் ஃபைன்மன் தம் உரைகளில் இந்த வித்தியாசத்தை ஓரிரு நாள் என்று குறிப்பிட்டிருந்தார். வெகுகாலம் அதைப் பலரும் சரிபார்க்காமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கருந்துளையையும் ஆழம்தான் வரையறுக்கிறது. ஒளிகூட ஏறி வர முடியாத ஆழம் எங்கே தொடங்குகிறதோ அதுவே அதன் எல்லை. சிறியதோ பெரியதோ, எல்லா எல்லைக்கும் ஆழம் ஒன்றுதான். ஆனால் கருந்துளையின் நிறை இரண்டு மடங்கானால் எல்லையில் உள்ள சரிவு பாதியாகிவிடும். பெரிய கருந்துளைதான் எல்லையில் தளர்வாக இழுக்கும்.

மிக மெல்லிய சரிவு, மிகப் பெரிய ஆழம்

பூமியின் வாணலி தனியாக இல்லை. அது சூரியனின் மிகப் பரந்த வாணலியின் சுவரில் ஒரு சிறு குழி. சூரியன் நம்மை இழுக்கும் இழுப்பு பூமியின் இழுப்பில் சுமார் 1,650-இல் ஒரு பங்கு. எடைக் கருவிக்கு அது தெரிவதே இல்லை. ஆனால் சூரியனின் வாணலியில் நாம் இருக்கும் ஆழம் கிலோவுக்கு 88.7 கோடி ஜூல். பூமியின் ஆழத்தைப் போல 14 மடங்கு! பூமியை விட்டு வெளியேற நொடிக்கு 11.2 கிலோமீட்டர் போதும். பூமியின் தொலைவில் இருந்தபடி சூரியனை விட்டு வெளியேற 42 கிலோமீட்டர் வேண்டும்.

சூரியனின் வாணலியும் பால்வீதியின் மாபெரும் கடாய்க்குள் இருக்கிறது. பால்வீதி நம்மை இழுக்கும் இழுப்பு பூமியின் இழுப்பில் சுமார் 5,000 கோடியில் ஒரு பங்கு. விரலால் உணரவே முடியாத சாய்வு. ஆனால் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியை விட்டு வெளியேற நொடிக்குச் சுமார் 550 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பூமியினுடையதைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் அதிகமான ஆழம். 1977-இல் கிளம்பிய வாயேஜர்-1 வியாழன், சனி ஆகிய கோள்களின் உதவியால் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகம் பெற்று, சூரியனின் வாணலியிலிருந்து ஏறி வெளியேறிக்கொண்டிருக்கிறது. பால்வீதியை விட்டு அது ஒருபோதும் வெளியேறாது.

இத்தனை ஆழங்களையும் எப்படிச் சேர்ப்பது? நேராகக் கூட்டினால் போதும். ஈர்ப்பழுத்தத்தின் மிகப் பெரிய வசதி இது. இழுப்புக்குத் திசை உண்டு. பூமி ஒரு பக்கம், சூரியன் ஒரு பக்கம், நிலா ஒரு பக்கம் என்று இழுப்பதைச் சேர்க்கத் திசைகளை வரைந்து அல்லாட வேண்டும். ஆழத்துக்குத் திசை கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், அவ்வளவுதான். 1770-களில் பிரெஞ்சு மொழியில் எழுதிய கணித மேதை லக்ராஞ்சு இந்த வசதிக்காகவே இதைப் பயன்படுத்தினார். இதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் ஜார்ஜ் கிரீன். இங்கிலாந்தின் நாட்டிங்காம் அருகே காற்றாலையில் மாவு அரைத்தவர். பள்ளிக்கூடத்தில் சொற்ப காலமே படித்தவர். 1828-இல் ஒரு கட்டுரையைச் சந்தா திரட்டித் தாமே அச்சிட்டார். கிட்டத்தட்ட யாரும் அதைக் கவனிக்கவில்லை. 1841-இல் அவர் இறந்த பிறகுதான் வில்லியம் தாம்சன் அதைத் தேடிப் பிடித்து உலகுக்குக் காட்டினார். இன்று மின்சாரம் முதல் ஈர்ப்பு வரை எந்த இயற்பியல் பாடமும் அவர் கணிதம் இல்லாமல் நடக்காது.

வாணலிக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டாணி உருளுவதே பூமியின் ஈர்ப்பால்தான். எனவே ஈர்ப்பு ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு வாணலி விடை தராது. வாணலியின் உயரம் உண்மையான உயரமும் இல்லை, ஒரு கிலோவுக்கான ஜூல் கணக்கின் படம் அது. கடல் ஓதங்களைப் புரிந்துகொள்ளவும் சரிவு, ஆழம் இரண்டும் போதாது. நிலா பூமியை இழுப்பதை விட சூரியன் 180 மடங்கு அளவுக்கு அதிகமாக இழுக்கிறது, ஆனால் நிலா எழுப்பும் ஓதம்தான் இரண்டு மடங்கு பெரியது. அங்கே சரிவு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்ற மூன்றாவது கேள்வி வந்துவிடுகிறது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கரும்பலகையில் 9.8 என்று எழுதும் நாளிலேயே பக்கத்தில் 6.25 கோடி என்றும் எழுதிவிடுங்கள். சூத்திரம் பிறகு வரட்டும். எழுதியதும் மாணவர்களிடம் ஒரு கணக்கு கொடுங்கள்: செவ்வாயிலும் புதனிலும் இழுப்பு ஏறத்தாழ ஒன்றே, 3.7. செவ்வாயின் ஆரம் 3,390 கிலோமீட்டர், புதனின் ஆரம் 2,440 கிலோமீட்டர். எதிலிருந்து வெளியேறுவது கடினம்? பெருக்கிப் பார்க்கும் மாணவர் செவ்வாய் என்று சொல்வார். விடுபடு வேகம் செவ்வாயில் நொடிக்கு 5 கிலோமீட்டர், புதனில் 4.3.